முறிகண்டிக் கச்சானும் என் பல்லுக்கம்பியும்

முறிகண்டியில் பஸ் நின்றால் இறங்காதவர்கள் குறைவு. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், ஒரு கற்பூரம், நெற்றியில் திருநீறு. அதற்குப் பிறகு கச்சான். ஏ9 வீதியால் போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் இது எத்தனையோ வருஷப் பழக்கம். சூட்டு மணலில் கச்சான் வறுபடும் வாசம் கோயில் வாசலிலேயே வந்து கையைப் பிடித்து இழுக்கும். கடைக்கார அம்மா சுண்டால் அளந்து பேப்பர்ப் பையில் கொட்டிவிட்டு, மேலே ஒரு பிடி கூடப் போடுவா.

போன வருஷம் ஆனி மாதம், மேற்பற்களுக்குக் கம்பி கட்டிய இரண்டாம் கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து வீடு திரும்பும்போது அங்கே இறங்கினேன். மாங்குளம் வந்து, பிறகு ஒட்டுசுட்டான் பஸ் எடுக்கவேணும். பசி. இரண்டு கோது உடைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது பருப்பைக் கடித்தபோது வாய்க்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். நாக்கால் தடவிப் பார்த்தேன். வலப்பக்கம் கடைவாய்ப் பல்லுக்கு முந்தின பல்லில் ஒட்டியிருந்த சின்ன உலோகத் துண்டு கழன்று, கம்பியில் மணி கோர்த்த மாதிரி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சக் கச்சானைப் பக்கத்திலிருந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, மாங்குளம் வரைக்கும் வாயை மூடிக்கொண்டே வந்தேன்.

அந்தத் துண்டைத் திரும்ப ஒட்ட இன்னொரு நாள் லீவு, இன்னொரு முறை போய்வரும் மூன்று மூன்று மணித்தியாலம். அதைவிடப் பெரிய நட்டம், அந்தப் பல் அத்தனை நாளும் நகராமல் சும்மா நின்றது. பக்கத்துப் பற்கள் போக, இது மட்டும் பின்தங்கிவிட்டது. கம்பி வைத்திருக்கும் காலம் பொதுவாக ஒன்றரை வருஷத்திலிருந்து இரண்டு வருஷம். ஒவ்வொரு உடைவும் அதன் வாலை நீட்டும்.

கம்பி போடும் முன் எனக்கு ஒரு தாள் தந்தார்கள். சாப்பிடக்கூடாதவை என்று அதில் ஒரு வரிசை. முழு அப்பிள், பொப்கோன், கரமல், பபிள்கம், ஐஸ்கட்டி. சாப்பிடக்கூடியவை என்று யோகட், மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் எங்கள் வீட்டில் அப்பிள் வாங்குவது ஆஸ்பத்திரியில் ஆரையாவது பார்க்கப் போகும்போது மட்டும். புழுக்கொடியல் அந்தத் தாளில் இல்லை. பாலைப்பழம் இல்லை, பனங்கிழங்கு இல்லை, வருஷப்பிறப்பு முறுக்கு இல்லை, கச்சான் கூட இல்லை. வன்னியில் ஒரு வருஷத்தைக் கம்பியோடு எப்படிக் கடப்பது என்று எழுதித்தர ஆளில்லாமல்தான் நான் அந்த மூன்றாவது பருப்பைக் கடித்தேன். இப்போது ஒரு முழு வருஷம் சுற்றி வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது உண்மையில் என் வகுப்புப் பெடியன் ஒருவன். தரம் 9. அவனுக்கும் இந்த வருஷம் தையில் கம்பி போட்டார்கள். இடைவேளையில் மற்றவர்கள் முறுக்குப் பக்கெற்றைப் பிரிக்கும்போது அவன் தண்ணீர்ப் போத்தலோடு ஒதுங்கி நிற்பதை இரண்டு மூன்று நாள் கண்டேன். ஒருநாள் கொப்பி தர வந்தவன் மெல்லக் கேட்டான்: "ரீச்சர், நீங்கள் என்ன சாப்பிடுறனீங்கள்?"

முதலில் ஒன்று விளங்கவேணும். அந்த உலோகத் துண்டு பல்லில் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால், எதைக் கடிக்கலாம் என்று ஆரிடமும் கேட்கத் தேவையில்லை. பல்லின் மேற்பூச்சை அமிலக் கூழ் தடவிச் சற்று சொரசொரப்பாக்கி, பசை வைத்து, நீல வெளிச்சம் பிடித்து இறுக்குகிறார்கள். சிகிச்சை முடிந்ததும் பல்லுக்குச் சேதமில்லாமல் கழற்றவேணும். ஆகவே அந்தப் பசை சோறு கறிக்கு ஈடுகொடுக்கிற அளவுக்குப் பலமானது, அதற்கு மேல் இல்லை. கடினமான சாமான் பக்கவாட்டில் இடித்தால் தெறிக்கும். ஒட்டுகிற சாமான் இழுத்தால் பெயரும். எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. வவுனியா மாவட்டத்தில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் கூட. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுகள் இருக்கும். அந்தத் திட்டுகள் கூடிய பற்களில் பசை அவ்வளவு பிடிக்காது. அப்படிப் பல் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேணும்.

அப்புறம் நோ. கம்பி மாற்றிய நாளிலிருந்து மூன்று நான்கு நாள் இடியப்பம் கூடக் கல்லு மாதிரி இருக்கும். பல் நகர்வதென்றால் ஒரு பக்கத்து எலும்பு கரைந்து மறுபக்கம் புது எலும்பு வளரவேணும், சும்மா நடக்கிற காரியமில்லை. அந்த நாட்களில் எனக்குக் கைகொடுத்தது எருமைத் தயிர். முல்லைத்தீவுப் பக்கத்துச் சட்டித் தயிர், வெட்டி எடுக்கலாம் போல கட்டியாக, மேலே ஆடை படிந்து. அதில் கொஞ்சம் பனங்கட்டி சுரண்டிப் போட்டுக் குளிரக் குளிரச் சாப்பிட்டால் அரை மணித்தியாலத்துக்கு வாய் அமைதி. அதற்கு ஒரு காரணம் இருக்கிறதென்று பிறகு அறிந்தேன். தொடக்கத்தில் கட்டுகிற நிக்கல் தைற்றேனியம் கம்பிகளில் ஒரு வகை, வாய்ச் சூட்டில்தான் விறைத்துப் பல்லைத் தள்ளும். குளிர் பட்டால் சற்று நேரம் இளகிக் கொடுக்கும்.

என் வீட்டில் இன்னொருவருக்கும் பல் பிரச்சினை. அம்மம்மாவுக்கு வாயில் ஒரு பல்லும் இல்லை. 80 தாண்டிவிட்டா. ஆனால் எந்தப் பருவத்தின் எந்தச் சாமானையும் அவ தவறவிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. எல்லாவற்றுக்கும் அவவிடம் ஒரு வழி இருந்தது. கம்பி போட்ட பிறகுதான் அவ என்ன செய்கிறா என்று உற்றுப் பார்க்கத் தொடங்கினேன்.

பனங்கிழங்கைச் சொல்கிறேன். மாரிக்கு முன் பாத்தியில் போட்ட பனங்கொட்டை முளைத்து, தை மாசியில் கிழங்கு கிண்டுவோம். அவித்த கிழங்கைத் தோலுரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவிலிருக்கும் பீலியை எடுத்தெறிந்துவிட்டுக் கடித்து இழுப்பதுதான் வழக்கம். கம்பிக்காரருக்கு அந்த இழுப்பே எதிரி. தும்பு ஒவ்வொன்றும் கம்பிக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும், முன்பற்களால் இழுக்கும்போது துண்டும் சேர்ந்து வரப்பார்க்கும். அம்மம்மா கிழங்கை விரல் நீளத்துக்கு முறித்து, முறிக்கிறபோதே வெளியே வருகிற தும்பைப் பக்குவமாக இழுத்து எடுப்பா. பூமாலைக்கு நார் கிழிக்கிற மாதிரி, அவசரமே இருக்காது. பிறகு உரலில் உப்பு, மிளகு, இரண்டு பல் உள்ளி, ஒரு பச்சைமிளகாய் போட்டு இடித்து, கிழங்குத் துண்டுகளையும் சேர்த்து இடித்து, கடைசியாகத் தேங்காய்ப்பூ. உலக்கை விழுகிற சத்தம் முதலில் 'டக் டக்' என்று கேட்கும். கிழங்கு மாவாகி எண்ணெய் விடத் தொடங்கியதும் சத்தம் மொத்தமாகிவிடும். அப்போது நிறுத்தி, எலுமிச்சங்காய் அளவு உருண்டை பிடிப்பா. மிச்சத் தும்பெல்லாம் உலக்கையில் சுற்றிக்கொண்டு வந்திருக்கும். அந்த உருண்டையை வாயில் போட்டால் நாக்கும் மேலண்ணமும் போதும், பல்லுக்கு வேலையே இல்லை.

"உனக்குக் கம்பி, எனக்கு முரசு. ரெண்டு பேருக்கும் ஒரே உரல்தான் மோனை," என்றா.

புழுக்கொடியலும் அப்படித்தான். அவித்துக் காயவைத்த கிழங்கு. நல்ல பல்லுள்ளவர்களே அதைக் கடைவாயில் வைத்து யோசித்துத்தான் கடிப்பார்கள். கம்பியோடு அதைத் தொடவே கூடாது, ஒரு துண்டும் கூடாது. ஆனால் மில்லில் கொடுத்து அரைத்து, அரிதட்டால் அரித்தெடுத்த புழுக்கொடியல் மா இருக்கிறதே, அதில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுக் குழைத்தால் வேறு பலகாரம் வேண்டாம். ஒடியல் மாவில் கூழ் காய்ச்சினால் அதுவும் நல்லது, மீன் முள்ளும் நண்டுக் கோதும் மட்டும் பார்க்கவேணும்.

கச்சானுக்கு வருகிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கச்சானே வேண்டாம் என்று ஏழெட்டு மாதம் இருந்தேன். மாசியில் எங்கள் பக்கத்து மணல் காணிகளில் கச்சான் பிடுங்கத் தொடங்கினார்கள். செடியோடு இழுத்து, உதறி, வேரோடு தொங்குகிற ஈரக் கச்சான். பெரியம்மா ஒரு பை கொண்டுவந்து தந்தா. அம்மா அதை மண் போக நாலு தண்ணீரில் கழுவி, கோதோடு பானையில் போட்டு, உப்புப் போட்டு, ஒரு மணித்தியாலம் வரைக்கும் அவியவிட்டா. இடையில் ஒன்றை எடுத்து நசித்துப் பார்ப்பா. விரலுக்குள் பருப்பு மசிந்தால் சரி. வறுத்ததில் இருக்கிற மொறுமொறுப்பு அதில் இல்லைத்தான், அதை ஒளித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உப்பு ஊறிய அந்தப் பருப்பு பயறு மாதிரிக் கரைகிறது. ஒரே ஒரு கவனம், உள்ளே இருக்கிற மெல்லிய சிவப்புத் தோல். அது முரசோரம் ஒட்டிக்கொண்டால் கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது, இரண்டு நாளில் அந்த இடம் வீங்கும். கையிலேயே உரசித் தோலை ஊதிவிட்டுச் சாப்பிடுங்கள். கச்சான் அல்வாவை மட்டும் மறந்துவிடவேணும். அது கடினமும் ஒட்டலும் சேர்ந்த ஒன்று, கம்பிக்கு அதைவிடக் கூடாத சாமான் எங்கள் கடைகளில் இல்லை. திருவிழா வாசலில் கண்ணை அந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம்.

பாலைப்பழம் எனக்குக் கஷ்டமான விஷயம். ஆனி, ஆடியில் காடு முழுக்கப் பழுக்கும். மஞ்சளாக, விரல்நுனி அளவில். கரடிக்கு அதென்றால் உயிர். பாலை மரத்தடிக்குப் போகிறவர்கள் முதலில் மேலே பார்த்துவிட்டுத்தான் பழம் பொறுக்குவார்கள். சின்ன வயதில் அப்பா சாரத்தில் கட்டிக்கொண்டு வருவார். பத்துப் பழம் சாப்பிட்டால் உதடு இரண்டும் ஒட்டும், தேங்காய் எண்ணெய் பூசித்தான் எடுப்போம். பெயரிலேயே பால் இருக்கிற பழம். அந்தப் பால் கம்பியில் பட்டு, கம்பியைத் துண்டோடு பிடித்து வைக்கிற சின்ன ரப்பர் வளையங்களில் படிந்தால் பிறஷுக்கு அசையாது. போன வருஷம் தம்பி ஒரு சுண்டு வாங்கி வந்தான். விதையை எடுத்து, சதையைப் பிசைந்து தயிரில் கலந்து பார்த்தோம். ஒட்டல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. நான் எடுத்த முடிவு: வீட்டில் இருக்கும்போது, தயிரோடு, நாலைந்து பழம், உடனே பல் துலக்குவது. ரோட்டில் நின்று கைநிறையச் சாப்பிடுவது கம்பி கழற்றிய பிறகு. இதை அனுமதி என்று எடுக்கவேண்டாம். ரப்பர் வளையம் அடிக்கடி கழருகிற பிள்ளைகளுக்கு இதையும் கொடுக்க மாட்டேன்.

அதே பருவத்தில் வீரைப்பழம் இருக்கிறது, சிவப்பாக. ஒட்டாது, விதையைக் கடிக்காமல் துப்பினால் போதும். நாவற்பழமும் அப்படி. ஆனால் நாவல் ரப்பர் வளையத்தை ஊதாவாக்கும், மஞ்சள் கறி மஞ்சளாக்கும். வெள்ளையாகத் தெரிகிற வளையம் கேட்காமல் சாம்பல் நிறம் கேளுங்கள். நான் முதல் மாதம் வெள்ளை கேட்டு, மூன்றாம் நாளே மஞ்சளாகப் போய், பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுச் சிரிக்கவே கூச்சப்பட்டேன்.

மாம்பழம் நல்லதுதானே என்று எல்லாரும் சொல்வார்கள். சதை நல்லது. கறுத்தக்கொழும்பானைத் தோல் சீவி, சின்னத் துண்டாக வெட்டிக் கரண்டியால் சாப்பிட்டால் ஒரு குறையும் இல்லை. மாங்கொட்டை சூப்புவதுதான் வினை. அந்த நார் கம்பிக்கும் பல்லுக்கும் இடையில் புகுந்தால் ஊசி கொண்டு எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள், கம்பி வளைந்துவிடும். பற்களுக்கு இடையில் விடுகிற சின்ன பிறஷ் ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கவேணும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் தின்பது என்றால், மெல்லிசாகச் சீவிப் பின்பற்களால். புளிப்புச் சாப்பிட்டதும் பல் துலக்க ஓடவேண்டாம், மேற்பூச்சு சற்று நேரம் இளகியிருக்கும். தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்துவிட்டு அரை மணித்தியாலம் கழித்துத் துலக்குங்கள். பலாப்பழத்தில் கூழன் நார் கம்பியைச் சுற்றும், வருக்கனைச் சின்னத் துண்டாக வெட்டினால் பரவாயில்லை. அவித்த பலாக்கொட்டை மாவாக உதிரும்.

நுங்குக்கு விளக்கமே தேவையில்லை. சித்திரை வைகாசி வெயிலுக்கு, கம்பி மாற்றிய நோவுக்கு, பெருவிரலால் தோண்டி உறிஞ்சுகிற இளம் நுங்கு. முற்றியது வேண்டாம். பனம்பழத்தைச் சூப்புவதும் பனாட்டு மெல்லுவதும் இரண்டு வருஷம் பொறுக்கலாம். அதே பனங்களியில் சுட்ட பணியாரம் அன்றன்றைக்கு மெத்தென்று இருக்கும், அடுத்த நாள் இறுகிவிடும்.

பண்டிகைகளில் வீட்டார் மனம் நோகாமல் சமாளிப்பதுதான் கூடக் கஷ்டம். வருஷப்பிறப்புக்கு ஒவ்வொரு வீட்டிலும் தட்டு நீட்டுவார்கள். முறுக்கும் சிப்பியும் தவிர்த்து, பயித்தம் பணியாரம் எடுப்பேன். மேல் மா மெல்லிசாக இருந்தால் விரலாலேயே உடைந்து உதிரும். புதிதாகச் சுட்ட அரியதரமும் பிய்த்துச் சாப்பிடலாம். தைப்பொங்கலில் பொங்கல் தாராளமாக. கரும்பைக் கடித்து உரிப்பது மட்டும் இல்லை. ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும், கம்பிக்கென்றே வைத்த பண்டிகை மாதிரி. கூழில் மிதக்கிற தேங்காய்ச் சொட்டை மட்டும் தம்பியின் கோப்பைக்கு மாற்றிவிடுவேன். இனிப்பைப் பற்றி ஒரு சொல். எவ்வளவு சாப்பிட்டோம் என்பதைவிட எத்தனை தரம் சாப்பிட்டோம் என்பதுதான் பல்லைப் பாதிக்கிறது. சாப்பாட்டோடு ஒரே தரமாகச் சாப்பிட்டு முடித்தால் இனிப்பால் வாயில் உண்டாகிற அமிலத்தை உமிழ்நீர் சமாளிக்கும். ரொபியைப் போல நாள் முழுக்கக் கொறித்தால் முடியாது. கம்பி கழற்றும் நாளில் பல் நேராக இருக்கும், ஆனால் துண்டு ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் திட்டு இருக்கும். அது லேசில் போகாது.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போனபோது சனம் கடல். வழி முழுக்கக் கச்சான் கடை, ஐஸ் பழம், தும்பு முட்டாஸ். அவித்த சோளன் பொத்தியும் ஓரிடத்தில் இருந்தது. பொத்தியை முன்பல்லால் கடிக்காமல், வீட்டிலிருந்து கொண்டுபோன சின்னக் கத்தியால் மணிகளைச் சீவி உள்ளங்கையில் கொட்டிச் சாப்பிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு தாய் என் வாயைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, என்ர மகளுக்கும் உப்பிடித்தான். அதைக் கொஞ்சம் தாங்கோ," என்று கத்தியை வாங்கினா. அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். சோளனை ஒவ்வொரு மணியாகத்தான் தின்றாள். போத்தல் தண்ணீரில் இரண்டு பேரும் ஒதுங்கி நின்று கொப்பளித்தோம்.

தாளில் இல்லாததையெல்லாம் ஒரு பழைய கொப்பியில் எழுதி என் வகுப்புப் பெடியனிடம் கொடுத்தேன். இரண்டு கிழமை அவன் ஒன்றும் சொல்லவில்லை. போன வியாழக்கிழமை இடைவேளையில் ஒரு ஜாம் போத்தலோடு என் மேசைக்கு வந்தான். புழுக்கொடியல் மா, தேங்காய்ப்பூ போட்டுக் குழைத்தது. அவனுடைய அம்மம்மா விடியவே அரித்துத் தந்தாவாம். இரண்டு கரண்டியும் கொண்டுவந்திருந்தான். நான் ஒரு வாய் எடுத்தேன். நல்ல வாசம், சர்க்கரை கொஞ்சம் கூட.

"உப்பு ஒரு சொட்டுப் போட்டிருக்கலாம், என்ன ரீச்சர்?" என்றான், மூடியைத் திருகியபடி.